தானா பெட்டிக்கு ஜரிகை தைத்த நாகஜோதி

துபாயில் சத்வா பகுதியில் இருக்கும் மீரா சாகிப் பாயின் தையல் கடைக்குள் நுழைந்தால் முதலில் பாய் தெரிவார். அவருக்குப் பின்னால் துணி அடுக்கு. அதற்கும் பின்னால் ஒரு பச்சைத் திரை. அந்தத் திரைக்குப் பின்னால் நாகஜோதி உட்கார்ந்திருக்கிறாள் என்பது வருஷக்கணக்காகக் கடைக்கு வந்துபோகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவளும் தெரிய வேண்டும் என்று நினைத்தவள் இல்லை. திரையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடைவெளி உண்டு. அதன் வழியாக எல்லாரையும் பார்ப்பாள். யார் அளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுக்கிறார்கள், யாருக்குப் பேரம் பேசும்போது காது சிவக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் அரபிகள் தோளில் போட்டுக்கொள்ளும் மெல்லிய மேலங்கிக்கு பிஷ்த் என்று பெயர். அதன் கழுத்தோரத்திலும் முன்பக்கத்திலும் பொன்னாக ஓடுகிற ஜரிகைதான் நாகஜோதியின் வேலை. முதுகுளத்தூர் பக்கம் ஒரு ஊரில் பிறந்து, ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பரமக்குடியில் ஆரி வேலை பழகியவள். இருபத்தேழு வயதில் துபாய் வந்தாள். இப்போது நாற்பத்து மூன்று. இடையில் இரண்டு மூன்று இடத்தில் மாப்பிள்ளை பேசினார்கள், ஒன்றும் கூடி வரவில்லை. அதற்காக அவள் ஒரு நாளும் அழுததில்லை.

அவள் அழுதது போன ஜூன் மாதம். பாய் திரையை விலக்கிக்கொண்டு வந்து, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நாகஜோதி, ஒண்ணு சொல்லணும்மா. கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் இன்னொண்ணு வருது. ஆர்டர் கொடுத்துட்டேன். அதை வைக்க இந்த இடம்தான் இருக்கு. மாடியில வெளிச்சம் பத்தாது."

"என் மேசை பாய்?"

"அதைத்தாம்மா சொல்றேன். கை வேலைக்கு இப்ப யாரு வர்றா? ஆகஸ்ட்ல உன் விசா முடியுது. அதுவரைக்கும் பட்டன், காஜா பாரு. அப்புறம் ஊருக்குப் போய் நல்லா இரு. நானே டிக்கெட் போட்டுத் தர்றேன்."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதனாலேயே அவளால் சண்டை போட முடியவில்லை.

எப்படியோ சேதி ஊருக்குப் போய்விட்டது. மறுநாளே அண்ணன் முனியசாமி போன் போட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நல்லதா போச்சு ஆத்தா. வந்துரு. உனக்குன்னு மாடியில ரூம் ஒதுக்கிட்டேன். உங்க அண்ணி பஞ்சவர்ணத்துக்குக் கடையைப் பாக்கவே நேரம் சரியா இருக்கு. வீட்டுக்குன்னு பொறுப்பா ஒரு ஆள் இல்லாம எப்படிக் கெடக்குது தெரியுமா?"

பொறுப்பான ஆள் என்றால் என்னவென்று நாகஜோதிக்குத் தெரியும். ஏழு பேருக்குச் சோறு பொங்கி, ஏழு பேர் துணியைத் துவைத்து, அவர்கள் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிற ஆள். சத்வாவில் அவளுக்கு இருந்தது ஆறு பெண்கள் தங்கும் அறையில் ஒரு மேல் கட்டில்தான். ஆனால் அந்த அறைக்கு அவளிடம் ஒரு சாவி இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனியாக நடந்துபோய் முக்குக் கடையில் ஒரு கடக் டீ குடித்துவிட்டு, கடல் வரைக்கும் போய் வருவாள். எங்கே போறே, ஏன் லேட்டு என்று கேட்க ஆள் கிடையாது. இந்த ஊரைவிட்டுப் போவதற்கு அவளுக்கு இஷ்டமில்லை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? சம்பாதிக்க வந்த இடத்தில் இருப்பதே பிடித்துப்போய்விட்டது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த நிலைமையில்தான் ஒரு வியாழக்கிழமை பாலகுரு வந்தான். அல் கூஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஒர்க்‌ஷாப்பில் டெக்னீஷியன். அருப்புக்கோட்டைக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். யூனிபார்ம் பேன்ட்டை இடுப்பில் பிடிக்கக் கொடுத்திருந்தான். வாங்க வந்தவன் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"பாய், பிளாஸ்டிக்கைத் தைப்பீங்களா?" என்றான்.

"பையா?"

"பை இல்ல. வீடியோ கேம்."

பாய் சிரித்துவிட்டார். பாலகுரு சிரிக்கவில்லை. பாவம், அவன் முகத்தில் நான்கு நாள் தாடி.

அவன் சொன்னதை நாகஜோதி திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். அபூ தலால் என்று ஒரு குவைத்காரர். பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சேர்த்துவைத்திருக்கிறார். அல் கூஸில் ஒரு பழைய கிடங்கைப் பிடித்து, வரும் வியாழக்கிழமை கண்காட்சி திறக்கிறார். அதில் நடுநாயகமாக வைக்கப்போகும் பெட்டியின் பெயர் தானா. பெரிய முத்துக்கு அரபியில் சொல்லும் பெயர். எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு அமெரிக்கக் கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கி, குவைத்தில் ஒரு வியாபாரக் குடும்பம் தயாரித்து விற்றது. டி.வியில் மாட்டி, கட்டையாக இருக்கும் கேசட்டைச் சொருகி விளையாடுவது. ஒன்றரை வருஷம் விற்றார்கள், பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். அபூ தலாலுக்குத் தெரிந்து முழுசாக மிஞ்சியது இந்த ஒரு பெட்டிதான்.

"பெட்டி ஓடுது பாய். நானே ஓட்டிட்டேன். கையில பிடிச்சு அமுக்குற பட்டன் பலகை ரெண்டும்தான் செத்துப்போச்சு. அமெரிக்காக்காரன் பெட்டியோடதை வாங்கி மாட்டலாம்னா, இவங்க அரபிக்காக பட்டன் வரிசையை வலமிருந்து இடமா மாத்தி வச்சிருக்காங்க. சேரமாட்டேங்குது."

ஃபைலிலிருந்து, பட்டன் பலகைக்குள் இருக்கும் உள்ளங்கை அளவு மெல்லிய தாள் ஒன்றை எடுத்தான். எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி இருந்தது. அதன்மேல் ஒன்பது வெள்ளிக் கோடுகள் பட்டன்களிலிருந்து புறப்பட்டு, ஒடுங்கி, வால் மாதிரி ஒரு துண்டில் பக்கம் பக்கமாக ஓடின. வால் மடங்குகிற இடத்தில் ஒன்பது கோடும் வெடித்து விட்டுப்போயிருந்தன.

"வெள்ளி மை பூசினேன். மடக்கினதும் வெடிக்குது. ஈயம் வச்சா தாளே உருகுது. சும்மா ஒரு நப்பாசையில உங்ககிட்ட கேட்டேன்." ஃபைலை மூடினான். பேன்ட்டை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டான்.

நாகஜோதி திரையை விலக்கினாள். அவள் வாடிக்கைக்காரர்களிடம் பேசி பாயே பார்த்ததில்லை.

"தம்பி."

பாலகுரு திரும்பினான்.

"அந்தக் கோடு நிஜ வெள்ளியா?"

"ஆமாக்கா. வெள்ளித்தூள் கலந்த மை."

"என்கிட்ட வெள்ளி ஜரிகை இருக்கு. பட்டு நூல்மேல வெள்ளித் தகடு சுத்தினது, மேல தங்க முலாம். எத்தனை தடவை மடக்கினாலும் உடையாது. கோட்டுக்கு மேல கிடத்தி, ரெண்டு பக்கமும் தச்சு இறுக்கினா போதாதா?"

பாலகுரு பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்தான். கரண்ட் ஓடினால் 'பீப்' என்று கத்துகிற மீட்டர். அவள் நீட்டிய ஜரிகையின் இரண்டு முனையிலும் மீட்டரின் ஊசிகளை வைத்தான். பீப். அவன் கண் அகலமாயிற்று. மேசையில் கிடந்த இன்னொரு நூல்கண்டில் வைத்தான். சத்தமே இல்லை.

"அது பிளாஸ்டிக் ஜரிகை" என்றாள் நாகஜோதி.

உற்சாகம் தாங்காமல் பாலகுரு அலமாரியில் இருந்த கண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தான். பாய் ஒரிஜினல் என்று தனியாக எடுத்து வைத்திருந்த இரண்டு கண்டுகளில் ஒன்று பீப் என்றது. இன்னொன்று கம்மென்று இருந்தது.

"அதை ஏம்பா தொடுறே? அது வேற" என்றார் பாய். முகத்தைத் துணி அடுக்குப் பக்கம் திருப்பிக்கொண்டார். சரக்கு கொடுத்தவனை அன்று மத்தியானமே போனில் ஒரு பிடி பிடித்தார் என்பது வேறு கதை.

ஒரு தாளை பாலகுரு விட்டுப் போனான். "பாத்துக்கா. இருக்கறது ரெண்டே ரெண்டு. இது போனா என் வேலையும் போகும்" என்று மூன்று தடவை சொன்னான்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடை சாத்தியிருந்த நேரம், சனிக்கிழமை காலை என்று அவள் உட்கார்ந்து தைத்தாள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஓர் அரிசியின் அகலம்கூட இல்லை. கோட்டைத் துளைக்கக் கூடாது, அதன் ஓரத்தில் குத்தி, ஜரிகையை மேலே கிடத்தி, முடிமாதிரிப் பட்டு நூலால் கட்டிக் கட்டிப் போக வேண்டும். ஒன்பது வரிசையும் முடிந்தபோது அவளுக்கே பார்க்க ஆசையாக இருந்தது. ஒரு குட்டி பிஷ்த்தின் கழுத்தோரம் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை பாலகுரு ஒரு பழைய டி.வியையும் தானா பெட்டியையும் வண்டியில் கொண்டுவந்து வெட்டு மேசைமேல் வைத்தான். பழுப்பு நிறத்தில், ஒரு சூட்கேஸ் அளவில் பெட்டி. முன்பக்கம் அரபியில் தானா என்றும், கீழே பொடி எழுத்தில் லைசென்ஸ் விவரமும். அவள் தைத்த தாளைப் பட்டன் பலகைக்குள் மாட்டி, கேசட்டைச் சொருகினான். டி.வியில் நீலக் கடல் வந்தது. மேலே ஒரு படகு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டம்கட்டமான மனுஷன்.

"முத்துக் குளிக்கிறவன்கா. இவனை இறக்கி, சிப்பி திறந்து, மூச்சு முடியறதுக்குள்ள மேல கொண்டாரணும். ஒரு சுறா சுத்தும்."

மூச்சு பட்டனை அமுக்கினான். அந்த மனுஷன் படகிலேயே நின்றுகொண்டு, இல்லாத சிப்பியைத் திறந்தான். இறங்கு பட்டனை அமுக்கினான். அவன் இறங்கிக்கொண்டே ஏறினான், ஏறிக்கொண்டே கயிற்றை விட்டான், சுறா வந்து தின்றுவிட்டுப் போயிற்று.

"போச்சு" என்றான் பாலகுரு. தலையில் கை வைத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "ஒண்ணை அமுக்கினா மூணு வேலை நடக்குது. நான்தான் முட்டாள். தையல்காரங்ககிட்ட கொண்டுவந்து கொடுத்தேன் பாருங்க."

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க ஆள் தச்சதுல எங்கேயாவது ஒரு பிசிறு காட்டு பாப்போம்!"

நாகஜோதி இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. டி.வியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, மூச்சை இன்னொரு தடவை அமுக்குங்க... இப்ப கயிறு... மூணாவது கோடும் நாலாவதும் தொட்டுக்குது. ஆறும் ஏழும் தொட்டுக்குது. மத்தது சரியா இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே தச்சேன். எந்த பட்டனோட கோடு எத்தனாவது வரிசைன்னு தெரியாதா?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நான் அடிச்சுட்டேன் தம்பி."

"எதை?"

"ஜரிகையை."

பிஷ்த் வேலையில் தையல் முடிந்தால் கடைசியாக ஒரு துணியைப் போர்த்தி மரச்சுத்தியால் தட்டுவார்கள். அப்போதுதான் ஜரிகை நசுங்கி, பரவி, ஒன்றோடொன்று சேர்ந்து தகடுபோல மின்னும். தட்டாத பிஷ்த்தை யாரும் வாங்கமாட்டார்கள். பதினாறு வருஷமாகத் தட்டிய கை. சனிக்கிழமை கடைசி முடிச்சைப் போட்டதும், அவள் யோசிப்பதற்கு முன்பே அது சுத்தியை எடுத்திருந்தது. டொக் டொக்கென்று பத்து அடி. ஜரிகை பரவிப் பக்கத்து வரிசையைத் தொட்டுவிட்டது.

பாலகுரு கோபத்தை மறந்து சிரிக்க ஆரம்பித்தான். "கரண்ட் லைனை யாராவது சுத்தியால அடிப்பாங்களாக்கா?"

"எங்களுக்கு அதுதான் ஃபினிஷிங்" என்றார் பாய் விறைப்பாக.

"பிரிச்சுட்டுத் திரும்பத் தைக்கிறேன்" என்றாள் நாகஜோதி.

"வேணாம்கா. ஏற்கெனவே ஓட்டையா இருக்கு. இன்னொரு வரிசை ஓட்டை விழுந்தா தபால் தலை மாதிரி கிழிஞ்சு கையில வந்துரும்."

"புது ஓட்டை போடமாட்டேன். அதே ஓட்டையில போறேன்."

"இருநூறு ஓட்டை இருக்கும்."

"முந்நூத்திச் சொச்சம். எண்ணிட்டேன்."

அவன் தாளைப் பலகையிலிருந்து கழற்றி அவள் முன் வைத்தான். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வருவேன்" என்றான். "அதுக்கு மேல முடியாது."

அவன் போன பிறகு நாகஜோதி சுத்தியை எடுத்து பாயிடம் நீட்டினாள். "இதை உங்க மேசையில வச்சுப் பூட்டிடுங்க பாய். சாவியை நான் கேட்டாலும் தராதீங்க."

இரண்டு நாள் அவள் சாப்பாட்டுக்குக்கூட ஒழுங்காக எழுந்திருக்கவில்லை. பழைய நூலை ஒவ்வொரு கண்ணியாக வெட்டி இடுக்கியால் எடுத்தாள். தாளுக்குக் கீழே கறுப்புத் துணியை விரித்தாள், ஓட்டைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. ஊசி நுனியால் தடவித் தடவி அதே ஓட்டையைத் தேடினாள். கிடைக்காவிட்டால் அழுத்தவில்லை, காத்திருந்தாள். இரண்டு ஜரிகைக்கு நடுவே கறுப்புப் பட்டு நூல் ஒன்றைக் குறுக்குச் சுவர் மாதிரி கிடத்தினாள். இனி ஒன்றோடொன்று தொட நினைத்தாலும் முடியாது. பாய் அந்தப் பக்கமாக நடக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைசி முடிச்சு விழுந்ததும் வலது கை தானாக மேசை ஓரம் போய்த் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

பாலகுரு வந்தான், மாட்டினான். இறங்கு என்றான், டி.வியில் முத்துக் குளிக்கிறவன் இறங்கினான். திற என்றான், திறந்தான். ஏறு என்றான், ஒரு முத்தோடு ஏறினான். டி.வி டிங் என்றது.

"அக்கா!" என்று கத்திவிட்டான் பாலகுரு. பக்கத்துக் கடை சலவைக்காரர் ஓடிவந்து பார்த்தார். வாலை இருபது தடவை மடக்கி நிமிர்த்தினான். ஒவ்வொரு தடவையும் டிங். உடனே சட்டைப் பையிலிருந்து இரண்டாவது தாளை எடுத்து அவள் முன் வைத்தான். அதை அவள் ஒரே நாளில் முடித்தாள்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு பாலகுருவின் வண்டியில் பாயும் நாகஜோதியும் அல் கூஸுக்குப் போனார்கள். கிடங்கு முழுக்க ஆட்கள். குவைத்திலிருந்தும் பஹ்ரைனிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். நடுவில் தானா. அபூ தலால் பட்டன் பலகையை இரண்டு கையாலும் வாங்கினார். ஐம்பதை நெருங்கிய ஆள், பெரிய உடம்பு. சின்ன வயதில் இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு அண்ணனோடு சண்டை போட்டவராம். மூச்சு பட்டனை அமுக்கினார். கயிற்றை அமுக்கினார். முதல் முத்து டிங் என்றதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"யார் சரி பண்ணினது? நீயா?" என்று பாலகுருவைக் கேட்டார்.

அவன் ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்கப்போவதில்லை. அவன் கூட்டத்தின் பின்னால் கை காட்டினான். "பெட்டியை நான். இதை அவங்க. சத்வாவில் பிஷ்த் தைக்கிறவங்க."

அபூ தலால் பட்டன் பலகையின் பின்மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். தன் தோளில் இருந்த பிஷ்த்தின் ஓரத்தைப் பார்த்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார். "யல்லா, இங்கே வாங்க" என்று கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டாவது பலகையை நாகஜோதி கையில் கொடுத்தார். ஹிந்தியில் சொன்னார்: "என்னோட ஒரு ஆட்டம். எங்கள் தெருவில் என்னை யாரும் ஜெயித்ததில்லை."

அவளைச் சுற்றி அத்தனை கண்கள். ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் திரையில் கடல் வந்ததும் மற்றதெல்லாம் மறைந்துபோயிற்று. பாலகுரு சோதனை செய்தபோதெல்லாம் அவள் முத்தைப் பார்க்கவில்லை, சுறாவைப் பார்த்திருந்தாள். சுறா மூன்று தடவை குறுக்கே போகும், பிறகு பாறைக்குப் பின்னால் போய் ஐந்து எண்ணும் நேரம் நிற்கும். அபூ தலால் நினைத்தபோதெல்லாம் இறங்கினார். இரண்டு தடவை கயிறு அறுந்தது. நாகஜோதி சுறாவை மூன்று தடவை போகவிட்டுக் காத்திருந்து, பாறைக்குப் பின்னால் வால் மறைந்த கணத்தில் இறங்கினாள். டிங். மறுபடி காத்திருந்தாள். டிங்.

"ஜல்தி, ஜல்தி!" என்று யாரோ கத்தினார்கள். அவள் அவசரப்படவில்லை.

ஆட்டம் முடிந்தபோது அவருக்கு ஒன்பது முத்து. அவளுக்குப் பதினான்கு.

"கலாஸ், முடிஞ்சுது!" என்று அபூ தலால் பலகையை வைத்துவிட்டு எழுந்து நின்று கை தட்டினார். கிடங்கே தட்டியது. பாய் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் தோளைப் பிடித்து உலுக்கி, "எங்க கடை ஆள்! எங்க கடை ஆள்!" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கும் அது புரிந்த மாதிரிதான் தெரிந்தது.

அன்றே ஏழு பேர் கடை நம்பரை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பெட்டிகள் எல்லாவற்றிலும் இதே தாள்தான், இதே மடிப்பில்தான் வெடிக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பஹ்ரைனிலிருந்து மூன்று வந்தது. தோஹாவிலிருந்து ஒருவர் நேரில் வந்தார். ஜூலை முடிவதற்குள் மேசைமேல் பதினோரு பலகைகள் வரிசையில் காத்திருந்தன. மேசையை நகர்த்த வந்த ஆட்களை பாய் வாசலிலேயே நிறுத்தி, புது மெஷினை மாடிக்கு ஏற்றச் சொன்னார்.

"மாடியில வெளிச்சம் பத்தாதுன்னீங்களே பாய்?" என்றாள் நாகஜோதி.

"மெஷினுக்கு எதுக்கும்மா வெளிச்சம்? உனக்குத்தான் வேணும்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாஸ்போர்ட்டை நாளைக்குக் கொண்டா. விசா அடிக்கக் கொடுக்கணும். ரெண்டு வருஷம்" என்றார்.

"வெள்ளிக்கிழமை எனக்கு முழு லீவு வேணும் பாய்."

அவள் இப்படி எதையும் கேட்டதே இல்லை. பாய் தலையாட்டினார். "எடுத்துக்க" என்றார்.

விசா அடித்து வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். மாடி ரூமுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டதாம். டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று கேட்டார்.

"நான் வரலண்ணே."

"வரலயா? விசா முடியுதுன்னுதானே சொன்ன?"

"அடிச்சாச்சு. இங்க எனக்கு வேலை இருக்கு."

"என்ன ஆத்தா பெரிய வேலை? இத்தனை வருஷம் பாத்தது போதாதா?"

"எனக்குப் பிடிச்சிருக்குண்ணே" என்றாள் நாகஜோதி.

 அண்ணன், சரி, சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். மஸ்கட்டிலிருந்து காலையில் வந்திருந்த பட்டன் பலகைப் பார்சல் பிரிக்காமல் கிடந்தது. கத்தரியை எடுத்து அதன் டேப்பை வெட்டினாள்.